அக்கா கடித்த பாதி

மாணவியர் விடுதி,
மட்டக்களப்பு.
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கும், அக்காவுக்குள் அட்ரஸ் எழுதாமல் வந்து குடியேறியிருக்கும் ஆளுக்கும்,

நான் சுகம். விடுதிப் பருப்புக்குத்தான் சுகமில்லை, ஒரு கிழமையாகத் தண்ணியாகவே போகிறது. நீ சுகமா என்று கேட்க மாட்டேன். நீ சுகமில்லாமல் இருப்பதைத்தான் வீடே கொண்டாடுகிறதாமே.

ஞாயிற்றுக்கிழமை மேட்ரனின் அறைப் போனில் அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் நீ. "விது, அக்கா சத்தி எடுக்கிறா மனே. விடிஞ்சாச் சத்தி, பொழுதுபட்டாச் சத்தி. அம்மாள் கண் திறந்திட்டா." பின்னால் அப்பா சிரிக்கும் சத்தம். மாங்காய் களவெடுத்துத் தின்று நான் வாந்தி எடுத்த நாளில் எனக்கு விழுந்தது ஈர்க்குக்கட்டு அடி. உனக்கு மட்டும் மாலை மரியாதை. கட்டாரில் உதயரூபன் அத்தான் கட்டிலில் ஏறி ஆடி, மேல்கட்டில் பலகையில் தலையை இடித்துக்கொண்டாராம். அப்பாவானதும் முதல் காயம்.

கைத்தொலைபேசி வைத்திருந்தால் விடுதியில் பறித்துவிடுவார்கள். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் பழைய காலத்து மனுசர்போல் கடிதம்தான். தபால்காரர் நம் பஸ் கொண்டக்டர், அண்ணன் முறையான அசனார் காக்கா. கல்முனை பஸ்ஸில் உன் பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து கேற்றடியில் தந்துவிட்டு, "இந்தப் பெட்டி ஏறினா பஸ்ஸே மணக்குது தங்கச்சி. சனம் இறங்குதில்ல" என்கிறார்.

ஒரு முறைப்பாடு உண்டு. சின்ன வயதில் ஒரு பணியாரம் என்றாலும் சட்டை நுனியால் மூடி நீ ஒரு காக்காக்கடி கடித்துவிட்டுத்தான் எனக்குத் தருவாய். "நஞ்சு இருக்கா எண்டு பாத்தன்" என்பாய். உன் தெத்துப்பல் பட்ட இடத்தில் சின்னக் குழி ஒன்று இருக்கும். அதுதான் உன் கையெழுத்து. இப்போது வருகிற பலகாரமெல்லாம் முழுசு முழுசாக இருக்கிறது. கலியாணம் முடித்ததும் பெரிய மனுசி ஆகிவிட்டாயா? அடுத்த பெட்டியில் கையெழுத்து வேண்டும்.

இரண்டு பேருக்காகச் சாப்பிடு. மூன்றாவது பங்கை எனக்கு அனுப்பு.

வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க மேட்ரன் பார்க்காத நேரத்தில் வேண்டிக்கொள்ளும்,
விது (சின்னம்மா உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தவள்)


தேற்றாத்தீவு.
03.03.2024

என் தங்கச்சி விதுவுக்கு அக்கா ஆர்த்திகா எழுதுவது,

இங்கே அம்மா, அப்பா சுகம். நீ ஈரத்தலையோடு படுக்காதே.

உன் கடிதத்தை அம்மா வேலியடியில் நின்று அயலுக்கெல்லாம் வாசித்துவிட்டா. எல்லோரும் ஏதாவது கொண்டுவருகிறார்கள். நேற்று அப்பா களப்பில் மணலை மீன் பிடித்துவந்தார். பச்சை மாங்காய் வெட்டிப்போட்டு, முதற்பால் விட்டு, தீயைக் குறைத்து வைத்தேன். குழம்பு தடித்து, எண்ணெய் ஓரத்தில் மிதந்து வந்தது. அப்பா மறுபடியும் சோறு கேட்டு வாங்கினார். அம்மா சட்டியை வழித்தா. தலையைப் பூனைக்குப் போட்டேன், முள்ளைக்கூட விடவில்லை அது. பார்த்துக்கொண்டிருக்க ஆசையாக இருந்தது.

கிளினிக்கில் மருத்துவமாது கைறுன்னிஸா மிஸ் திரிபோஷா மா தந்தா. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து அனுப்புகிறேன். நீ படிக்கிற பிள்ளை. உனக்குத்தான் சத்து வேண்டும்.

நான் சாப்பிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனால் அம்மா சிரித்துக்கொண்டே, சத்தி நிற்கும் என்று புளித் தேசிக்காய் எடுத்து வைக்கிறா. ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

அப்பாவின் வீச்சுவலையில் ஈயக்குண்டு குறைகிறதாம். உன் வேலை என்று ஏசுகிறார். போன விடுமுறையில் எடுத்தாயா?

கவனமாகப் படி. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மாணவியர் விடுதி.
24.03.2024

மணலைக் குழம்பின் மகாராணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் கட்டிலுக்குக் கீழே குடியிருக்கும் எலி உட்பட. அங்கே எல்லோரும் சுகமென்று நம்புகிறேன், பூனை உட்பட.

முதலில் ஈயக்குண்டு வழக்கு. யுவர் ஒனர், நான் எடுக்கவில்லை. அப்பாவின் செருப்பில் கோந்து பூசியது நான். வானொலியின் பற்றரியை ஒளித்தது நான். ஈயத்தை எடுத்து நான் என்ன செய்ய, தோடு போடவா? அப்பாவிடம் சொல், இந்த வீட்டில் இன்னொரு கள்ளி இருக்கிறாள் என்று.

அடுத்தது திரிபோஷா. உருண்டையைத் திறந்ததும் பக்கத்துக் கட்டில் ஸுஹைனா எட்டிப்பார்த்தாள். அவள் ஏறாவூர், அக்காவை ராத்தா என்பாள். "இது வயித்துப் புள்ளக்காரிக்குக் குடுக்கிற மா எலுவா. எங்கட ராத்தா இத அலுமாரிக்க பூட்டி வெச்சுத் தின்டா. நமக்கு ஒரு கரண்டி தரல்ல. உங்கட அக்கா என்ன, பெட்டியோட அனுப்புறா?" என்றாள். என் அக்கா அப்படித்தான் என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு உருண்டை தின்றேன். மூன்றாவது இறங்கவில்லை.

அக்கா, உன் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். அப்பா தின்றது இருக்கிறது. அம்மா தின்றது இருக்கிறது. பூனை தின்றது முள்ளோடு இருக்கிறது. நீ தின்றதைக் காணவில்லை.

மருமகப்பிள்ளையின் பங்கை நான் தின்றால், பிறந்து நாக்குத் திருந்தியதும் என்மேல் வழக்குப் போடும். இனி மா அனுப்பாதே. புதுவருசத்துக்கு வருகிறேன். நீ தின்பதை நேரில் பார்க்க வேண்டும். கையெழுத்தும் இன்னும் வரவில்லை.

எல்லோருடைய சுகத்துக்கும் பதில் போடு,
விது


மாணவியர் விடுதி.
28.04.2024

அக்கா,

நான் சுகமாக வந்துசேர்ந்தேன். பெட்டி, பை, பொய் எல்லாம் பத்திரம்.

நேரில் கேட்க முடியாததை எழுதிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் வாசிக்கக் கொடுக்காதே.

வருசத்துக்கு மறுநாள் நீ சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போவாய் என்று தெரிந்து, முதலே ஓடி வாழைகளுக்குள் குந்தியிருந்தேன். கையில் அப்பா பிடித்த நண்டு. அதை உன் காலடியில் விட்டு நீ துள்ளுவதைப் பார்ப்பதுதான் திட்டம். நீ வந்தாய். வாளித் தண்ணீரைக் கவிழ்த்துச் சத்தம் உண்டாக்கினாய். பிறகு இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாய். ஒருதரம் இல்லை. முடிந்ததும் வாயைக் கழுவி, கண்ணைத் துடைத்து, வீட்டுக்குப் போகும் முகம் ஒன்றை எடுத்து வைத்தாய். நண்டு என் விரலைக் கடித்தபோதுதான் நான் கத்தினேன். பயப்படுத்த வந்தவள் நான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறாய்?" என்றாய்.

"உனக்கு மசக்கைதானே அக்கா?"

"ஓம். மசக்கைதான்."

"மசக்கைக்கு விரல் என்னத்துக்கு?"

என் கையைப் பிடித்து உன் வயிற்றில் வைத்தாய். "புள்ளேட தலையில சத்தியம் பண்ணு. அம்மாட்ட மூச்சு விடப்படாது." பண்ணினேன். அந்தப் பருவத்தில் பிள்ளைக்குக் காது கேட்காது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எனக்குக் கேட்டதே.

வயிறு மட்டும் கொஞ்சம் இருக்கிறது. உன் கை கீரைத்தண்டுபோல் இருக்கிறது. கன்னம் மட்டும் ஊதியிருக்கிறது. விரல் முட்டியில் தழும்பு. கேட்டால் "துருவலைப் பல்லு வெட்டினது" என்றாய். துருவலை எப்போதும் ஒரே இடத்திலா வெட்டும்?

ஒரு உடன்படிக்கை. பலகாரம் அனுப்பும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து அனுப்பு. காக்கா கையில் காக்காக்கடி வரட்டும். அதைப் பார்த்தால் நான் வாயைப் பூட்டிக்கொள்வேன்.

உன் சுகத்தை எழுது. உண்மையான சுகத்தை.
விது


தேற்றாத்தீவு.
12.05.2024

தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அத்தானும் சுகம் என்று சொன்னார்.

நீ கேட்டபடி பயற்றம் பணியாரம் கடித்து அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார். இனிமேல் பயப்படாதே.

அது ஒரு பழக்கம், விது. சில பேர் நகம் கடிப்பதில்லையா, அதுபோல. பிள்ளை பிறந்ததும் விட்டுவிடுவேன். பிள்ளைக்கு வேண்டியதைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அடுத்த கிழமை கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கிறார்கள். சடங்கு முடியும்வரை ஒருநேரச் சாப்பாடு என்று பிள்ளையின் பேரில் நேர்ந்திருக்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு விரதம் தேவையில்லை என்று அம்மா சொன்னா. பிறகு நாலு பேர் என்னைப் புகழ்ந்ததும் பேசாமல் விட்டுவிட்டா.

சோதனைக்குப் படி. சத்தியத்தை மறக்காதே.
அக்கா


மாணவியர் விடுதி.
26.05.2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. இந்தமுறை எழுதவில்லை.

உன் பணியாரங்களை மேசையில் வரிசையாக வைத்து ஸுஹைனாவும் நானும் பொலிஸ்போல் விசாரித்தோம். எல்லாக் கடியும் ஒரே அளவு, ஒரே வளைவு. விளிம்பு நறுக்கென்று இருக்கிறது. தெத்துப்பல்லின் குழி ஒன்றிலும் இல்லை. ஸுஹைனா ஜாம் போத்தல் மூடியை எடுத்து மிச்சத்தில் வைத்து அமத்தினாள். சரியாகப் பொருந்தியது.

எத்தனை பேரை நான் ஏமாற்றியிருப்பேன். என்னையே ஒரு மூடியால் ஏமாற்றிவிட்டாய். நல்ல பகிடி அக்கா. சிரிப்பு வரவில்லை.

பயோ டீச்சரிடம் போனேன். சிநேகிதி ஒருத்தியின் அக்கா என்று சொன்னேன். அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் அந்தச் சிநேகிதி என்று கேட்கவில்லை. இது பழக்கம் இல்லையாம். பெயர் உள்ள வருத்தமாம், நோயாம். தின்ன வேண்டும் என்றும் தின்னக் கூடாது என்றும் ஒரே தலைக்குள் இரண்டு பேர் பிடித்திழுப்பதாம். சத்தி எடுக்க எடுக்க இரத்தத்தில் உப்புக் குறைந்து இதயம் தடுமாறுமாம். பிள்ளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் என்பது முழுப்பொய்யாம். இல்லாத இடத்தில் எதை எடுக்கும் என்று கேட்டா. மசக்கை என்றால் நாலு ஐந்து மாதத்தில் அநேகமாக அடங்கிவிடுமாம், விரலும் தேவைப்படாதாம். முக்கியமானது கடைசியில் சொன்னது. இதைச் சுகமாக்கலாமாம். கிளினிக்கில் சொன்னால் அவர்களே டொக்டரிடம் அனுப்புவார்களாம்.

அம்மன் உன்னிடம் பட்டினி கேட்கவில்லை அக்கா. கேட்டது உனக்குள் இருக்கும் அந்த மற்ற ஆள்.

நீயே அம்மாவிடம் சொல். சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி போடு. வராவிட்டால் நான் சொல்வேன். யார் தலையில் பண்ணிய சத்தியமோ, அந்தத் தலைக்காகத்தான்.

பதிலுக்குக் கேற்றடியில் நிற்கிறேன்,
விது


மாணவியர் விடுதி.
23.06.2024

அக்காவுக்கு,

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் நீ இதை வாசிப்பாயோ, கிழிப்பாயோ தெரியாது. அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன்னிடமிருந்து வரி வரவில்லை. பெட்டியும் வரவில்லை. ஆகவே கன்னத்துக்குள் கொய்யாக்காய்த் துண்டு ஒன்றை அடைத்துக்கொண்டு மேட்ரனுக்கு முன்னால் அழுதேன். பல்வலி என்று வெளியே விட்டா. அசனார் காக்காவின் பஸ்ஸில் ஏறினேன்.

"பல்லுக்கு டவுன்ல டொக்டர் இருக்காரே புள்ள. ஊருக்கு என்னத்துக்குப் போறாய்?" என்றார்.

"பல்லுக்காரி அங்கதான் இருக்கா காக்கா" என்றேன். நான் கதறி அழுததும் டிக்கற் கிழிக்காமல் முன் சீற்றைக் காட்டினார்.

கிளினிக்கில் கைறுன்னிஸா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ பேனையை மூடி வைத்தா. "எனக்கும் மனசு சரியில்லாமத்தான் இருந்த. தராசில நிறை மாசாமாசம் ஏறுது, வயிறு ஏறுதில்ல. கேட்டா உங்கட அக்கா சிரிக்கா. அடுத்த தரம் டொக்டரிட்ட காட்டுற எண்டு நினைச்சிருந்தன்" என்றா. அன்றைக்கே என்னோடு வீட்டுக்கு வந்தா. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வான் கதவைச் சாத்துமுன் நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "வயித்தில கை வெச்சுத்தானே சத்தியம் பண்ணினாய்."

எனக்கு மறுகதை இல்லாமல் போன முதல் நாள் அதுதான்.

உன் சுகத்தை யாரிடமாவது சொல்லி அனுப்பு.
விது


மாணவியர் விடுதி.
07.07.2024

அக்கா,

சனிக்கிழமை பார்க்க வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். உன் முதுகோடு கொஞ்சநேரம் பேசினேன். நல்ல முதுகு, குறுக்கே பேசவில்லை.

அம்மா வெளியே வந்து சொன்னா: "அவள் சத்தி எடுக்கிற சத்தத்தக் கேட்டுச் சந்தோசப்பட்டிருந்தனே மனே. தேசிக்காய் வெட்டி வெச்சிருந்தனே." அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறா. நானும் அந்தத் திரிபோஷாவைத் தின்றவள்தானே.

பிஸ்கட் ஒன்று வைத்துவிட்டு வந்தேன். அதில் நான் கடித்திருக்கிறேன். உண்மையான பல்லால்.
விது


பெரியாஸ்பத்திரி.
21.07.2024

விதுவுக்கு,

நான் இருக்கிறேன். பிள்ளையும் இருக்கிறது. நீ சுகமா? கொய்யாக்காய் அடைத்த கன்னம் எப்படி?

ஈயக்குண்டை எடுத்தது நான். பாவாடை நாடாவுக்குள் வைத்துத் தைத்து, கிளினிக் தராசில் ஏறினேன். பழியை உன்மேல் போட்டேன். மிஸ் என் இடுப்பைத் தொட்டபோது அது கிலுங்கியது. அப்பா அந்த நேரம் படலையடியில் நின்றார். என் மடியிலிருந்து அதை எடுத்து, சட்டைப்பைக்குள் போட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினான்கு வயதில் தொடங்கியது, விது. குண்டாகிவிடுவேனோ என்ற பயம், ஆனால் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை, அத்தானும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் என் கையில் இல்லாதபோது இது ஒன்று என் கையில் இருப்பதுபோல் இருந்தது. பிறகு அதன் கைக்குள் நான் போய்விட்டேன். கலியாணத்துக்குப் பிறகு கொஞ்சம் அடங்கியிருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியதும் பழையபடி வந்தது. அம்மாவும் அயலும் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். வேறு எந்த நேரமென்றாலும் பிடிபட்டிருப்பேன்.

இங்கே மனநல டொக்டர் ஒரு அம்மா. "இது குணம் இல்ல ஆர்த்திகா, வருத்தம். உங்கள ஏச நான் வரல்ல" என்றா. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தருகிறார்கள். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் எழும்பக் கூடாது. தாதி ஒருவர் பக்கத்தில் இருப்பார். அந்த அரை மணித்தியாலம்தான் வருத்தம். உடம்பு முழுக்கக் கிணற்றடிக்கு இழுக்கும். உன் கடிதங்களை அந்த நேரத்தில்தான் வாசிக்கிறேன். ஒன்றையும் கிழிக்கவில்லை.

அத்தானுக்கு நானே சொன்னேன். "நான் உன்னப் பாக்கிற போன்ல முகம் மட்டும்தானே தெரிஞ்ச" என்றார். லீவு கேட்டிருக்கிறார்.

பிள்ளை வளர்ச்சி குறைவாம். ஆனால் நேற்றுச் சவ்வரிசி குடித்தபின் உதைத்தது.

உன்மேல் இன்னும் கோபம்தான். கோபத்தோடுதான் சாப்பிடுகிறேன். பரவாயில்லை என்கிறா டொக்டர்.
அக்கா


மாணவியர் விடுதி.
28.07.2024

ஈயக்குண்டுக் கள்ளிக்கும், கூட்டாளியாக இருந்து வயிற்றுக்குள் ஒளித்திருக்கும் சின்னக் கள்ளிக்கும்,

நான் சுகம். இந்தமுறை உண்மையாகவே. உன் கடிதத்தைப் படித்துக் கட்டிலில் துள்ளி, அத்தானைப்போலத் தலையை இடித்துக்கொண்டேன். இது குடும்ப வழக்கம் ஆகப்போகிறது.

பிள்ளைக்கு வீட்டுப்பெயர் வைத்துவிட்டேன். குண்டு. அந்தச் சொல் உனக்கு எவ்வளவு பயம் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால்தான் வைத்தேன். அந்தச் சொல்லை நல்ல சொல்லாக்க ஒரு ஆள் வேண்டும். தேற்றாத்தீவு முழுக்க "குண்டு, குண்டு" என்று நான் கூப்பிட, அது களப்போரத்தில் என்னைத் துரத்தி வர வேண்டும். பெரிய பெயரை நீங்கள் ஆறுதலாகத் தேடுங்கள்.

அம்மா வீட்டில் சரக்குத்தூள் இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டாவாம். பிள்ளை பெற்றபின் உனக்குச் சரக்குக்கறி. மல்லியும் மிளகும் மணந்து அயலே தும்மியதாம்.

கோபத்தோடு சாப்பிடு. என்னை நினைத்துக் கடி. நன்றாக மென்று விழுங்கு.

செவ்வாய்க்கிழமை சோதனை முடிகிறது. புதன் வருவேன். முதுகைக் காட்டாதே.

குண்டுவின் சுகத்துக்குத் தனியாகப் பதில் போடு,
சின்னம்மா


மாணவியர் விடுதி.
01.09.2024

அக்கா,

அம்மாவும் அப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதியிருக்கிறேன்.

சோதனை முடிந்து நான் புதன்கிழமை வந்தபோது அவள் பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் உள்ளங்கையளவு இருந்தாள். தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. நான் வைத்த பெயர் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். எவ்வளவு முட்டாள் பெயர் அது. அத்தான் விமானத்திலிருந்து இறங்கி நேரே வந்து, அவளை உயிரோடு ஒரு நாள் பார்த்தார். ஒரு நாளாவது பார்த்தார்.

அப்பா அவளைக் கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த பிறகு வலையைத் தொடவில்லை என்று அம்மா போனில் சொன்னா. உனக்குப் பால் நிற்கவில்லை என்றும் சொன்னா. அதற்கு மேல் மேட்ரனே போனை வாங்கிக்கொண்டா.

எனக்குப் பகிடி வரவில்லை. ஸுஹைனா என் தலையணைக்குக் கீழே பிளாஸ்டிக் பல்லி வைத்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வானுக்குள் இருந்து நீ சொன்னாயே, வயிற்றில் கை வைத்து நான் பண்ணிய

வேண்டாம்.

சாப்பிடு அக்கா. தயவுசெய்து.
விது


தேற்றாத்தீவு.
29.09.2024

என் விதுவுக்கு,

அம்மா சுகம். அப்பா நேற்று வலையை எடுத்து வெயிலில் போட்டார். அத்தான் இன்னும் நிற்கிறார். மாதத்தில் இரண்டு தரம் டொக்டர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறார். நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதி நிறுத்திய வரியை நான் வாசித்தேன். மிச்சத்தையும் வாசித்தேன்.

அந்தச் சத்தியத்தை உடைத்ததால் அவள் போகவில்லை. கேள், நான் தாய் சொல்கிறேன். சத்தியம் வாங்கிய கைதான் பிழை. உடைத்த வாய் இல்லை. உடைத்திராவிட்டால் அவள் வயிற்றுக்குள்ளேயே அடங்கியிருப்பாள், நானும் அவளோடு போயிருப்பேன் என்று டொக்டர் சொன்னா. நீ உடைத்ததால் அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டியின் துளைக்குள் கையை விட்டு அவளை நான் கூப்பிட்டது நீ வைத்த பெயரால்தான். குண்டு, குண்டு என்றேன். என் விரலைப் பிடித்தாள். தழும்பு இருக்கிற அதே விரலை. அவளுக்கு வேறு பெயர் இல்லை. இனியும் வேண்டாம். அதை முட்டாள் பெயர் என்று எழுதாதே.

சில நாள் தோற்றுப்போகிறேன். போன கிழமைகூட. அன்றைக்கு மறைக்கவில்லை, அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேசிக்காய் எடுக்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்தா.

அம்மா இடித்த சரக்குத்தூள் போத்தலை ஒருவரும் தொடாமல் வைத்திருந்தார்கள். இன்று நானே திறந்து கறி வைத்தேன். பிள்ளை பெற்றவள்தானே நான். அது மணக்க மணக்க அம்மா குசினியில் நின்று அழுதா. சோறு போட்டுத் தின்றேன். பெரிய சோற்றுக்கோப்பை இல்லை. கோப்பை என்று எழுதலாம்.

கறி பஸ்ஸில் வராது. ஆகவே கடைசித் திரிபோஷாப் பைக்கற்றில் ஒரே ஒரு உருண்டை பிடித்தேன். அசனார் காக்கா கையில் பாதிதான் வரும். மற்றப் பாதி எங்கே என்று கேட்டு வழக்குப் போடாதே. கடித்த இடத்தைப் பார். குழி முந்திமாதிரி ஆழமாக இருக்காது. சத்தியால் பல் தேய்ந்துவிட்டது. ஆனால் மூடியால் அந்தக் குழியைப் போட முடியாது.

பகிடி வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது. எனக்கு ஒரு நாளைக்குப் பல அரை மணித்தியாலம் இருக்கிறது, வாசிக்க ஏதாவது வேண்டும்.

இதையும் அப்படி ஒரு நேரத்தில்தான் எழுதுகிறேன். தொடங்கும்போது அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தா. இப்போது நேரம் முடிந்து, கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. கிணற்றடிக் கதவு திறந்துதான் கிடக்கிறது.

நான் இன்னும் எழும்பவில்லை.

அக்கா